வீட்டில் கட்டப்படும் வானூர்திகளில் கண்ணாடியிழைப் பாகங்களைப் பொருத்துதல்

வீட்டில் கட்டப்படும் வானூர்திகளில் கண்ணாடியிழைப் பாகங்களைப் பொருத்துதல் என்பது, தனி ஆட்கள் தம் சொந்தப் பயன்பாட்டுக்காகக் கட்டும் சிறிய வானூர்திகளில், கண்ணாடியிழைத் துணியும் பிசினும் கொண்டு வார்க்கப்பட்ட மூடிகள், முனைகள், உறைகள் ஆகியவற்றை வானூர்தியின் உடலோடு இணைக்கும் வேலை ஆகும். எந்திர மூடி, இறக்கை முனைகள், வால் முனைகள், சக்கர உறைகள், கூரைப் பகுதிகள் ஆகியன இவ்வாறு பொருத்தப்படும் முதன்மையான பாகங்கள்.

அலுமினிய வானூர்திகளில் இப்பாகங்கள் பெரும்பாலும் முதன்மைச் சுமைகளைத் தாங்குவதில்லை. இதனால் இவற்றை அழகுக்கான பாகங்கள் என எண்ணுவோர் உண்டு. அவ்வெண்ணம் சரியன்று. எந்திரத்தின் குளிர்ச்சி, கட்டுப்பாட்டுத் தளங்களின் தடையற்ற அசைவு, வானூர்தி ஒருபக்கம் சாயாமல் நேராகப் பறத்தல் ஆகியன இப்பாகங்கள் எவ்வளவு சரியாகப் பொருந்துகின்றன என்பதைச் சார்ந்துள்ளன. மேலும், தற்காலத் தொகுப்புகளில் உலோகப் பாகங்கள் துளையிடப்பட்டே வருகின்றன. கண்ணாடியிழைப் பாகங்களோ பெரும்பாலும் விளிம்பு மிகுதியாக விடப்பட்டு, துளைகள் இல்லாமல் வருகின்றன. எங்கே வெட்டுவது, எங்கே துளையிடுவது என்பதைக் கட்டுநரே அளந்து முடிவு செய்ய வேண்டும்.

பின்னணி

ஐக்கிய அமெரிக்காவில் வீட்டில் கட்டப்படும் வானூர்திகள் "சோதனை வகை - அமெச்சூர் கட்டுமானம்" என்ற பிரிவில் பதிவு செய்யப்படுகின்றன. இப்பிரிவில் சேர, வானூர்தியின் பெரும்பகுதியைத் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுபவர்களே செய்து முடித்திருக்க வேண்டும். இது 51 விழுக்காட்டு விதி எனப் பரவலாக அறியப்படுகிறது. வணிக நோக்கில் கூலிக்குக் கட்டித் தருதல் இவ்விதிக்கு உட்படாது. இத்தகைய கட்டுநர்களை ஒருங்கிணைக்கும் பரிசோதனை வானூர்திச் சங்கம், பால் போபெரெஸ்னி என்பவரால் 1953ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்கப்பட்டது. இதன் ஆண்டுக் கூடுகை 1970 முதல் அம்மாநிலத்தின் ஆஷ்கோஷ் நகரில் நடைபெற்று வருகிறது.

வீட்டில் கட்டுவதற்கான தொகுப்புகளில் மிகுதியாகக் கட்டப்பட்டவை வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்வி வரிசை வானூர்திகள் ஆகும். ரிச்சர்ட் வான்குருன்ஸ்வன் 1973இல் தொடங்கிய இந்நிறுவனம் ஓரிகன் மாநிலத்தின் அரோரா நகரில் இயங்குகிறது. 10,000க்கும் மேற்பட்ட ஆர்வி வானூர்திகள் கட்டி முடிக்கப்பட்டுப் பறந்துள்ளன. இவற்றின் உடலும் இறக்கைகளும் அலுமினியத் தகடுகளைத் தறையாணிகளால் இணைத்து உருவாக்கப்படுகின்றன. வளைவுகள் மிகுந்த பாகங்கள் மட்டும் கண்ணாடியிழையால் ஆனவை. இக்கட்டுரை பெரும்பாலும் இவ்வகை வானூர்திகளை முன்வைத்தே எழுதப்பட்டுள்ளது.

வரலாறு

தொடர்ச்சியான கண்ணாடி இழைகளை வணிக அளவில் உருவாக்கும் முறை 1930களில் அமெரிக்காவில் வளர்ந்தது. இத்துறையில் முன்னோடியான ஓவன்ஸ்-கார்னிங் நிறுவனம் 1938இல் உருவானது. வானூர்தித் துறையில் கண்ணாடியிழையின் பெரிய பாய்ச்சல் மிதவை வானூர்திகள் வழியாக நிகழ்ந்தது. செருமனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழக மாணவர் குழு உருவாக்கிய எஃப்எஸ்-24 ஃபீனிக்ஸ் என்ற மிதவை வானூர்தி 1957இல் பறந்தது. கண்ணாடியிழையால் கட்டப்பட்ட மிதவை வானூர்திகளுள் இதுவே முதலாவது. 1969இல் விண்டெக்கர் ஈகிள் என்ற வானூர்தி அமெரிக்க அரசின் சான்றிதழைப் பெற்றது. அச்சான்றிதழைப் பெற்ற முதல் கலவைப்பொருள் வானூர்தி அதுவாகும்.

வீட்டில் கட்டுவோரிடையே கண்ணாடியிழையைப் பரப்பியவர் பர்ட் ரூட்டான் ஆவார். 1975இல் பறந்த வேரிஈசீ, 1979இல் பறந்த லாங்-ஈசீ ஆகிய இவரது வானூர்திகளுக்கு வார்ப்பச்சு தேவையில்லை. சூடான கம்பியால் நுரைப்பாளத்தை இறக்கை வடிவில் அறுத்து, அதன்மேல் கண்ணாடியிழைத் துணியை எப்பாக்சிப் பிசினால் ஒட்டி இறக்கை செய்யப்பட்டது. இம்முறையில் கண்ணாடியிழையே முதன்மைச் சுமைகளைத் தாங்குகிறது. 1980களில் கிளாசேர், லான்சேர் போன்ற தொகுப்புகள் அச்சில் வார்த்த பாகங்களோடு வெளிவந்தன.

அலுமினியத் தொகுப்புகள் வேறு வழியில் வளர்ந்தன. 1990களில் தொடங்கி, கணினி வழி இயங்கும் கருவிகளால் தகடுகளில் முன்கூட்டியே துளையிடும் முறை பரவியது. இதனால் இறக்கையையோ உடலையோ நேராக அமைக்கப் பெரிய தாங்குசட்டங்கள் தேவையில்லாமற் போயின. துளையும் துளையும் ஒத்தால் பாகம் நேராக அமையும். இவ்வசதி கண்ணாடியிழைப் பாகங்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கவில்லை. இதனாலேயே, உலோக வேலையை எளிதாகக் கடந்த கட்டுநர்கள் பலர் கண்ணாடியிழை வேலையில் தயங்கி நிற்கின்றனர்.

கண்ணாடியிழையைத் தெரிவு செய்யக் காரணங்கள்

* ஒரே சமயத்தில் இரு திசைகளில் வளையும் வடிவங்களை அலுமினியத் தகட்டில் உருவாக்க அழுத்துகருவிகளோ நெடுநாள் கைத்தேர்ச்சியோ தேவை. கண்ணாடியிழைத் துணி பிசினில் நனைந்த நிலையில் எவ்வடிவ அச்சுக்கும் இணங்கும்.
* கண்ணாடி இழையின் அடர்த்தி அலுமினியத்தின் அடர்த்தியை ஒட்டியது. ஆனால் பிசினோடு சேர்ந்த அடுக்கின் அடர்த்தி அதைவிடக் குறைவு.
* கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்துவதில்லை. எனவே அலுமினியத்தைத் தொட்டிருந்தாலும் மின்வேதி அரிப்பு ஏற்படுவதில்லை. கரியிழை அலுமினியத்தைத் தொட்டால் இவ்வரிப்பு ஏற்படும்.
* வானொலி அலைகள் கண்ணாடியிழையை ஊடுருவும். இதனால் வழிகாட்டிக் கருவிகளின் அலைவாங்கிகளை இறக்கை முனைக்குள்ளேயே மறைத்து வைக்க முடிகிறது.

இதன் குறைபாடுகளும் அறியத்தக்கவை. நெய்த கண்ணாடியிழை அடுக்கு அலுமினியத்தைவிட எளிதில் வளையும். வெப்பத்தால் இரண்டும் ஒரே அளவில் விரிவடைவதில்லை. அலுமினியம் ஒரு பாகை செல்சியசுக்கு, தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் சுமார் 23 பங்கு நீள்கிறது. கண்ணாடியிழை அடுக்கு இதைவிடக் குறைவாகவே நீள்கிறது. நீண்ட இணைப்புகளில் வண்ணப்பூச்சு மயிரிழையாக வெடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அறை வெப்பநிலையில் இறுகிய எப்பாக்சி, வெயிலில் மிகவும் சூடானால் இளகக்கூடும். ரூட்டான் வகை வானூர்திகள் வெள்ளை நிறத்தில் பூசப்படுவதற்கு இதுவே காரணம்.

பொருட்கள்

பிசின்: எப்பாக்சி, பாலியெஸ்டர் ஆகிய இரண்டும் வழக்கில் உள்ளன. விலை குறைந்த பாலியெஸ்டர் விரைவில் இறுகும். ஆனால் இறுகும்போது மிகுதியாகச் சுருங்கும். இதிலுள்ள ஸ்டைரீன், பாலிஸ்டைரீன் நுரையைக் கரைத்துவிடும். எப்பாக்சி குறைவாகச் சுருங்கும், உறுதியாக ஒட்டும். இறுகிய பாலியெஸ்டரின் மேல் எப்பாக்சி நன்கு ஒட்டும். இறுகிய எப்பாக்சியின் மேல் பாலியெஸ்டர் சரியாக ஒட்டாது. எனவே பாகம் எப்பிசினால் வார்க்கப்பட்டது என்று தெரியாதபோது எப்பாக்சியைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது.

எப்பாக்சியில் பிசினும் கெட்டியாக்கியும் குறித்த விகிதத்தில் கலக்கப்பட வேண்டும். விகிதம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுபடும். கெட்டியாக்கியைக் கூடுதலாக ஊற்றினால் விரைவில் இறுகும் என்பது தவறான எண்ணம். விகிதம் பிறழ்ந்த எப்பாக்சி முழுமையாக இறுகுவதே இல்லை. கலவை இறுகும்போது வெப்பம் வெளியாகும். கிண்ணத்தில் மொத்தமாக விட்டுவைத்தால் அவ்வெப்பம் தேங்கி, கலவை புகையத் தொடங்கும். இதைத் தவிர்க்கச் சிறிது சிறிதாகக் கலப்பர். அல்லது அகன்ற தட்டில் பரப்பி வைப்பர்.

துணி: சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிராம் எடையுள்ள இருதிசை நெசவுத் துணி பரவலாகப் பயன்படுகிறது. ஒரு அடுக்கின் தடிப்பு ஏறத்தாழ 0.33 மில்லிமீட்டர். வளைவான இடங்களில் துணியை இழைகளுக்கு 45 பாகைச் சாய்வில் வெட்டினால் அது சுருக்கமின்றிப் படியும். துணி முழுவதும் நனையும் அளவுக்குப் பிசின் போதும். அதற்கு மேற்பட்ட பிசின் எடையைக் கூட்டுமேயன்றி வலிமையைக் கூட்டாது.

நிரப்பிகள்: உள்ளீடற்ற நுண்கண்ணாடிக் குமிழிகளைப் பிசினோடு பசைபோலக் கலந்தால், எளிதில் தேய்க்கக்கூடிய எடை குறைந்த நிரப்பி கிடைக்கிறது. இது மேற்பரப்பைச் சமன் செய்ய மட்டுமே ஏற்றது; வலிமை அற்றது. பருத்தி இழைத் துணுக்குகளைக் கலந்தால் வலிமையான பசை கிடைக்கும். இது மூலைகளை நிரப்பவும் பாகங்களை ஒட்டவும் பயன்படும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பயன்படுத்தலாகாது.

பொது முறை

எல்லாப் பாகங்களுக்கும் பொதுவான சில படிகள் உண்டு.

1. வார்ப்பச்சிலிருந்து எடுத்தபோது பாகத்தின்மேல் எஞ்சிய மெழுகைக் கரைப்பான் கொண்டு துடைத்தல். மெழுகைத் துடைக்காமல் உப்புத்தாளால் தேய்த்தால் அது கீறல்களுக்குள் ஏறி, பின்னர் பூச்சு ஒட்டாது.
2. தயாரிப்பாளர் குறித்த கோட்டுக்குச் சில மில்லிமீட்டர் வெளியே முதல் வெட்டை வெட்டுதல். பல் உள்ள வாள் இழைகளைப் பிய்க்கும். எனவே வைரத்துகள் பதித்த வட்டத் தகடு விரும்பப்படுகிறது.
3. பாகத்தை இடத்தில் வைத்துப் பார்த்து, கழற்றி, சிறிது தேய்த்து, மீண்டும் வைத்துப் பார்த்தல். நேரான விளிம்புகளுக்கு நீண்ட மரக்கட்டையில் ஒட்டிய உப்புத்தாள் பயன்படும். கையால் மட்டும் தேய்த்தால் விளிம்பு அலையாகும்.
4. துளையிட்டு, கிளெக்கோ எனப்படும் தற்காலிகப் பிடிப்பான்களால் நிறுத்துதல். நடுவில் தொடங்கி இருபுறமும் மாறிமாறித் துளையிட்டால் பாகம் இழுபடாது.
5. எல்லாம் பொருந்திய பின்னரே நிலையாக இணைத்தல்.

இவற்றுள் மூன்றாம் படியே பெரும்பாலான நேரத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு பாகத்தைப் பத்து, இருபது முறை கழற்றி மாட்டுதல் இவ்வேலையில் வழக்கமே.

மறைந்த விளிம்பை வெட்டும் முறை

கண்ணாடியிழைப் பாகம் உலோகத் தகட்டின்மேல் கவிந்திருக்கும்போது, அதை எங்கே வெட்ட வேண்டும் என்பதைக் காட்டும் தகட்டு விளிம்பு மறைந்துவிடும். இதற்கு எளிய முறை ஒன்று உண்டு. பாகத்தை வைக்கும் முன்னரே, தகட்டு விளிம்பிலிருந்து குறித்த தொலைவில், எடுத்துக்காட்டாக 50 மில்லிமீட்டர் தள்ளி, பாகத்தால் மறைக்கப்படாத இடத்தில் ஒட்டுநாடாவின்மேல் ஒரு கோடு வரையப்படுகிறது. பாகத்தை வைத்த பின், அக்கோட்டிலிருந்து அதே 50 மில்லிமீட்டரைத் திருப்பி அளந்தால் வெட்டுக்கோடு கிடைத்துவிடும்.

எந்திர மூடி

எந்திர மூடி கௌலிங் எனவும் அழைக்கப்படுகிறது. ஆர்வி வானூர்திகளில் இது மேல், கீழ் என இரு பாதிகளாக வருகிறது. பிற்காலத்திய மூடிகள் தேன்கூட்டு நடுப்பகுதி கொண்ட எப்பாக்சி அடுக்குகளால் ஆனவை. மூடியின் பின்விளிம்பு தீத்தடுப்புச் சுவரை ஒட்டிய உடல்தகட்டோடு ஒரே மட்டத்தில் சேர வேண்டும். முன்விளிம்பு சுழல்விசிறியின் மூக்குக் கூம்புக்கு இணையாக நிற்க வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுவதே இவ்வேலையின் கடினம்.

எந்திரத்தையும் மூக்குக் கூம்பின் பின்தட்டையும் பொருத்திய பின்னரே வேலை தொடங்குகிறது. கூம்புக்கும் மூடிக்கும் இடையே சுமார் 6 மில்லிமீட்டர் இடைவெளி விடப்படுகிறது. எந்திரம் ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால் ஓடும்போது அசையும். இடைவெளி இல்லாவிட்டால் சுழலும் கூம்பு மூடியை உரசும். அதே ரப்பர், நாளடைவில் எந்திரத்தின் எடையால் சற்று அமுங்கும். ஆகவே அனுபவமுள்ள கட்டுநர்கள் தொடக்கத்தில் கூம்பை மூடியைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயரமாக இருக்குமாறு வைப்பர். சில நூறு மணிநேரப் பறப்புக்குப் பின் கூம்பு மூடியின் மட்டத்துக்கு வந்துசேரும். முதல் நாளிலேயே மிகச் சரியாகப் பொருத்தப்பட்ட கூம்பு, பின்னாளில் தாழ்ந்து தோன்றும்.

மூடியின் பாதிகளை இணைக்க இருவகைப் பொறிமுறைகள் உள்ளன. ஒன்று, நீண்ட கீல்களின் கண்களுக்குள் கம்பியைச் செலுத்திப் பூட்டுவது. மற்றொன்று, கால் சுற்றில் பூட்டித் திறக்கும் திருகாணிகள். கீல் வெளியே தெரியாது, எடையும் குறைவு. ஆனால் அதிர்வால் கீற்கண்கள் தேய்ந்து முறிவதுண்டு. திருகாணிகள் விலை கூடியவை. எனினும் பறப்புக்கு முன் மூடியை விரைவாகத் திறந்து பார்க்க உதவுகின்றன.

குளிர்ச்சியோடு உள்ள தொடர்பு

லைக்கோமிங் ஓ-320, ஓ-360 போன்ற காற்றுக்குளிர் எந்திரங்களில், முன்துளைகள் வழியே நுழையும் காற்று உருளைகளின் மேற்புறத்தில் அழுத்தத்தோடு சேர்கிறது. பின்னர் அது உருளைகளின் செதில்களுக்கு இடையே கீழிறங்கி, மூடியின் அடிப்புறத்தில் வெளியேறுகிறது. மேலறையையும் கீழறையையும் பிரிப்பவை உலோகத் தடுப்புகளும், அவற்றின் விளிம்பில் உள்ள நெகிழ்வான ரப்பர் பட்டைகளும் ஆகும். இப்பட்டைகள் மேல்மூடியின் உட்புறத்தில் முழுமையாகப் படிய வேண்டும். மூடி தடுப்புகளுக்கு மேல் மிக உயர்ந்து நின்றாலோ, பட்டைகள் மடங்கி நின்றாலோ, காற்று செதில்களைத் தொடாமலே தப்பிவிடும். விளைவாக, உருளைத் தலையின் வெப்பநிலை உயரும். இவ்வெந்திரங்களுக்கு இவ்வெப்பநிலையின் மேல்வரம்பு 260 பாகை செல்சியசு ஆகும். நீண்ட ஆயுளுக்கு இதைவிட மிகவும் தாழ்ந்த வெப்பநிலையே பரிந்துரைக்கப்படுகிறது. புதிய வானூர்தி ஒன்றில் எந்திரம் சூடேறினால் முதலில் ஐயுறத்தக்கவற்றுள் இந்த ரப்பர் பட்டைகளும் அடங்கும்.

மூடியின் உட்புறம் எண்ணெயை உறிஞ்சாதிருக்கப் பிசின் பூசப்படுகிறது. புகைக்குழாய்க்கு அருகிலுள்ள இடங்களில் வெப்பத்தைத் திருப்பும் அலுமினியத் தாள் ஒட்டப்படுகிறது.

இறக்கை முனைகளும் வால் முனைகளும்

இறக்கை முனையின் பின்விளிம்பு, அருகிலுள்ள இறக்கைத் துடுப்பின் பின்விளிம்போடு ஒரே கோட்டில் அமைய வேண்டும். இறக்கைத் துடுப்பு என்பது வானூர்தியைப் பக்கவாட்டில் உருட்டும் அசையும் தளம் ஆகும். வார்ப்பில் முறுகிய முனையைப் பார்க்காமல் பொருத்திவிட்டால், அது நிலையாக மடங்கிய சிறு துடுப்பைப்போலச் செயல்படும். வானூர்தி எப்போதும் ஒருபக்கமே சாயும். விமானி பயணம் முழுவதும் கைப்பிடியை மறுபக்கம் அழுத்திக்கொண்டே இருக்க நேரும். திருத்துவதற்கு, முனையின் பின்விளிம்பை அறுத்துத் திறந்து, சரியான நிலையில் பிடித்து, மீண்டும் பிசினால் ஒட்டுவர்.

வால்பகுதியில் வேறொரு கவனம் தேவை. வானூர்தியின் மூக்கை ஏற்றி இறக்கும் அசையும் தளமான உயர்த்தியின் முனையில் ஒரு கொம்புப்பகுதி முன்னோக்கி நீண்டிருக்கும். இதனுள் ஈயத்தாலான சமன் எடை உள்ளது. இக்கொம்பு, அசையாத வால்தளத்தின் முனையை ஒட்டியே மேலும் கீழும் அசைகிறது. இரண்டுக்கும் இடையே சுமார் 3 மில்லிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். நிரப்பியும் வண்ணப்பூச்சும் இருபுறமும் ஏறி இந்த இடைவெளியைக் குறைக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். தரையில் உரசாத முனை, பறப்பில் சுமையேறி வால் சிறிது வளையும்போது உரசக்கூடும்.

எடையும் கவனிக்கத்தக்கது. அசையும் தளங்களில் கீல்கோட்டுக்குப் பின்னால் சேரும் எடை, படபடப்பு எனப்படும் ஆபத்தான அதிர்வுக்கு வழிவகுக்கும். படபடப்பு தொடங்கினால் சில நொடிகளிலேயே தளம் பிய்ந்துபோகலாம். ஆகவே, நிரப்பியும் பூச்சும் முடிந்தபின், தளத்தின் சமநிலை தயாரிப்பாளர் தந்த வரம்புக்குள் உள்ளதா என மீண்டும் சோதிக்க வேண்டும்.

சக்கர உறைகள்

சக்கர உறைகள் காற்றுத்தடையைக் குறைத்து வேகத்தைக் கூட்டுகின்றன. ஆர்வி வானூர்திகளில் ஒவ்வோர் உறையும் முன், பின் என இரு பாதிகளாகப் பிரியும். பொருத்தும் முன் வானூர்தியை ஜாக்கியால் உயர்த்தி, சக்கரங்கள் தரையைத் தொடாதவாறு பறக்கும் நிலையில் மட்டமாக நிறுத்துவர். தரையில் நிற்கும்போது எடையினால் சக்கரக் கால்கள் விரிந்திருக்கும். பறக்கும்போது அவை தளர்ந்து குறுகும். உறை பறப்புக்காக உள்ளதால் பறக்கும் நிலையிலேயே அதை நேராக்க வேண்டும்.

உடலின் முன்னும் பின்னும் நடுப்புள்ளியிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, தரையில் சுண்ணாம்பு நூலால் மையக்கோடு அடிக்கப்படுகிறது. அதற்கு இணையாக ஒவ்வோர் உறையின் கீழும் ஒரு கோடு வரையப்படுகிறது. உறையின் மூக்கும் வாலும் அக்கோட்டின்மேல் அமைய வேண்டும். ரசமட்டம் கொண்டு உயரம் சரிபார்க்கப்படுகிறது. சக்கரத்துக்கும் உறையின் மேற்புறத்துக்கும் இடையே சுமார் 25 மில்லிமீட்டர் தடிப்புள்ள மரத்துண்டு வைத்து இடைவெளி பேணப்படுகிறது. உறை சிறிது திரும்பியிருந்தாலும் அது சுக்கானைப்போலச் செயல்பட்டு வானூர்தியின் மூக்கை ஒருபக்கம் இழுக்கும்.

கால் உறைக்கும் சக்கர உறைக்கும் இடைப்பட்ட சந்திப்பு உறைகளைக் கட்டுநர்கள் பெரும்பாலும் இடத்திலேயே வார்க்கின்றனர். வடிவக் களிமண்ணால் மூலையை மென்மையாக நிரப்பி, சுற்றுப்புறத்தைப் பொதியொட்டும் நாடாவால் மூடி, அதன்மேல் சில அடுக்குத் துணியை நனைத்து ஒட்டுவர். எப்பாக்சி அந்நாடாவில் ஒட்டாது. இறுகியதும் தட்டி எடுத்து, களிமண்ணை நீக்கி, விளிம்பை வெட்டினால் அவ்விடத்துக்கே உரிய உறை கிடைத்துவிடும்.

கூரையும் கதவுகளும்

2003இல் முதன்முதலாகப் பறந்த நான்கு இருக்கை ஆர்வி-10 வானூர்தியில் கூரை முழுவதும், மேல்நோக்கித் திறக்கும் இரு கதவுகளும் கண்ணாடியிழையால் ஆனவை. இவ்வரிசையில் கண்ணாடியிழை வேலை மிகுதியாக உள்ள வானூர்தி இது எனலாம். கதவின் உள்ளோட்டையும் வெளியோட்டையும் கூரையின்மேல் வைத்தே ஒட்ட வேண்டும். மேசைமேல் வைத்து ஒட்டினால் வளைவு மாறிவிடும். சரியாகத் தாழிடப்படாத கதவுகள் பறப்பின்போது பிய்ந்துபோன நிகழ்வுகள் உண்டு. அவற்றையடுத்துக் கூடுதல் பாதுகாப்புத் தாழ்ப்பாள் அறிமுகப்படுத்தப்பட்டது. தாழ்ப்பாள் முட்கள் முழுவதும் உள்ளே சென்றுள்ளனவா என்பதைக் கதவின் பொருத்தமே தீர்மானிப்பதால், இங்குப் பொருத்தம் நேரடியாக உயிர்ப்பாதுகாப்புச் சார்ந்ததாகிறது.

தறையாணிகளும் திருகாணிகளும்

உலோகத் தகடுகளை இணைக்கும் திடத் தறையாணி, அறையும்போது துளைக்குள் பருத்து இறுகுகிறது. கண்ணாடியிழையில் இப்பருமன் அடுக்குகளைப் பிளந்துவிடும். ஆகவே சில முன்னேற்பாடுகள் தேவை.

* பின்புறம் அலுமினியப் பட்டையோ வளையமோ வைத்து, தறையாணியின் தலை அதன்மேல் உருவாகுமாறு செய்தல்.
* அறைவதற்கு மாறாக இழுத்து இறுக்கும் குருட்டுத் தறையாணிகளைப் பயன்படுத்துதல்.
* துளையை விளிம்புக்கு மிக அருகில் இடாதிருத்தல். உலோகத்தில் துளை மையத்திலிருந்து விளிம்பு வரை தறையாணி விட்டத்தின் இரு மடங்கு போதும். கண்ணாடியிழையில் அதற்கு மேல் விடுவது நல்லது.
* திருகாணித் தலை அமிழக் குடைவு செய்யும்போது அடுக்கின் தடிப்பு முழுவதையும் குடைந்துவிடாதிருத்தல். மெலிந்த இடங்களில் முதலில் உட்புறம் துணி அடுக்குகள் சேர்க்கப்படுகின்றன.

மேற்பரப்பைச் செம்மையாக்கல்

புதிய பாகங்களில் ஊசித்துளைகள் மிகுதி. வெறும் பாகத்தில் இவை கண்ணுக்குத் தெரிவதில்லை. முதற்பூச்சு அடித்தவுடன் நூற்றுக்கணக்கில் தோன்றும். பூச்சின்மேல் பூச்சாக அடித்து இவற்றை மூட முடியாது. துளைக்குள் சிறைப்பட்ட காற்று மீண்டும் மீண்டும் வெளியேறும். நுண்கண்ணாடிக் குமிழிகள் கலந்த பிசினையோ, நீர்மையான தனிப் பிசினையோ நெகிழித் தகட்டால் அழுத்தி வழித்துத் துளைகளுக்குள் செலுத்துவதே வழி. இறுகியபின் தேய்த்து, மீண்டும் ஒருமுறை செய்வதும் உண்டு. தேய்க்கும்போது துணியின் இழைகளையும் சேர்த்துத் தேய்த்துவிடாதிருக்க வேண்டும். இழை தேய்ந்தால் வலிமை போய்விடும்.

பிழைகளும் திருத்தங்களும்

அலுமினியத்தில் தவறாக வெட்டிய பாகத்தைப் பெரும்பாலும் தூக்கி எறிய வேண்டியதே. கண்ணாடியிழையில் வெட்டியதை மீண்டும் சேர்க்க முடியும். எந்திர மூடியின் பின்விளிம்பை 3 மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டிவிட்டால், உடல்தகட்டின்மேல் பொதியொட்டும் நாடா ஒட்டி, மூடியை இடத்தில் நிறுத்தி, இடைவெளியைப் பருத்தித் துணுக்குப் பசையால் நிரப்பி, உட்புறம் துணி அடுக்கு வைத்து இறுகவிடலாம். பின்னர் புதிய விளிம்பைத் தேய்த்துக்கொள்ளலாம். தவறான இடத்தில் இட்ட துளையைச் சுற்றிச் சாய்வாகத் தேய்த்து, சிறிதிலிருந்து பெரிதாக அமையும் வட்டத் துணிகளை அடுக்கி மூடலாம்.

ஆயினும், ஒவ்வொரு திருத்தமும் எடையைக் கூட்டும். மூக்கிலோ வாலிலோ சேரும் எடை ஈர்ப்பு மையத்தையும் நகர்த்தும். வானூர்தியைக் கட்டி முடித்தபின் அதை எடைபோட்டு ஈர்ப்பு மையத்தைக் கணக்கிடுவது கட்டாயமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடல்நலப் பாதுகாப்பு

எப்பாக்சி தோலில் படுவதால் ஒவ்வாமை உருவாகலாம். இது முதல் நாளிலேயே தோன்ற வேண்டியதில்லை. பலமுறை பட்டபின் திடீரெனத் தொடங்கி, பின் வாழ்நாள் முழுதும் நீடிக்கக்கூடும். இதனால் வானூர்தியைப் பாதியில் விட்ட கட்டுநர்களும் உண்டு. நைட்ரைல் கையுறை அணிவதும், கையில் பட்ட பிசினைக் கரைப்பானால் துடைக்காமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவுவதும் பரிந்துரைக்கப்படுகின்றன. பாலியெஸ்டருக்குச் சேர்க்கும் பெராக்சைடு வகை ஊக்கி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் தேவை. தேய்க்கும்போது எழும் தூசிக்கு முகமூடி அணிய வேண்டும். ஈரமாகத் தேய்த்தால் தூசி பெரிதும் குறையும்.

பரிசோதனையும் சோதனைப் பறப்பும்

அமெரிக்காவில், கட்டி முடித்த வானூர்தியை அரசின் ஆய்வாளரோ அரசு அமர்த்திய பிரதிநிதியோ பார்வையிட்டுப் பறப்புத் தகுதிச் சான்றிதழ் வழங்குகிறார். கட்டுமானப் பதிவேடும் ஒளிப்படங்களும் கட்டுநரே வேலை செய்தார் என்பதற்குச் சான்றாகின்றன. அதன்பின் குறித்த பரப்புக்குள் சோதனைப் பறப்புகள் நடத்தப்படுகின்றன. எந்திரமும் சுழல்விசிறியும் சான்றளிக்கப்பட்ட இணையாக இருந்தால் 25 மணிநேரம், இல்லையெனில் 40 மணிநேரம் என்பது நெடுங்கால வழக்கம். பணிகளை ஒவ்வொன்றாக நிறைவு செய்யும் திட்டமும் இதற்கு மாற்றாக ஏற்கப்படுகிறது.

கண்ணாடியிழை வேலையின் தரம் இச்சோதனைக் காலத்திலேயே வெளிப்படுகிறது. உருளை வெப்பநிலை மூடியின் பொருத்தத்தையும், வானூர்தி ஒருபக்கம் சாய்வது இறக்கை முனைகளையும், திசைச்சமன் காட்டியின் குண்டு நடுவில் நில்லாமை சக்கர உறைகளையும் சுட்டிக்காட்டும். இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால், பல கட்டுநர்கள் சக்கர உறைகள் இல்லாமலே முதற்பறப்புகளை நடத்தி, பின்னர் அவற்றை மாட்டி மாற்றத்தை ஒப்பிடுகின்றனர். முதன்மைக் கட்டுநர் விண்ணப்பித்துப் பெறும் பழுதுபார்ப்போர் சான்றிதழ், தாம் கட்டிய வானூர்தியின் ஆண்டுப் பரிசோதனையைத் தாமே செய்ய அவருக்கு உரிமை அளிக்கிறது. தாம் வெட்டிய விளிம்புகளில் வெடிப்பும், தாம் இட்ட துளைகளில் தேய்வும் உள்ளனவா என ஆண்டுதோறும் பார்க்கும் பொறுப்பும் அவரையே சாரும்.

இவற்றையும் பார்க்க

* கண்ணாடியிழை
* கலவைப்பொருள்
* எப்பாக்சி
* தறையாணி
* பர்ட் ரூட்டான்
* மிதவை வானூர்தி